சிட்டிகையும் மூட்டையும்

மார்ச் 3, செவ்வாய்

கெட்டிலைத் திறந்தால் உள்ளே வெள்ளையடித்த சுவர். ஷவரில் பாதித் துளை சுண்ணாம்பு படிந்து அடைத்துவிட்டது. இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியது போதும். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரிக்கும் வாட்டர் சாஃப்ட்னர் மெஷின் இன்று வந்து இறங்கியது. "சமையலறைக் குழாய மட்டும் பழைய லைன்லயே விட்டுடலாம் சார்," என்று இழுத்தார் பிளம்பர். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. வீடு முழுக்க மாட்டச் சொன்னேன். மெஷினின் தொட்டியில் ஒரு மூட்டை உப்பைக் கொட்டியாயிற்று. அதுதான் அதற்குத் தீனியாம்.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணாடித் தம்ளர்கள் பளபளக்கின்றன. என் மனைவி மட்டும், "தண்ணி ஒரு மாதிரி இருக்குங்க," என்கிறாள். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

அவள் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. பலவீனமான இதயம்; உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலைக்கு நடுவிலும் மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரே சிட்டிகை. உப்பு டப்பாவைப் பூட்டியே வைத்திருக்கிறேன். பிறகு இந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது? அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில், கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ கொறிக்கிறாள். வேறென்ன?

ஏப்ரல் 2, வியாழன்

கேட்டேவிட்டேன். "சத்தியமா எதுவும் திங்கலைங்க," என்றாள். நான் நம்பவில்லை. கைப்பையை வாங்கிக் கவிழ்த்தேன். சீப்பு, சாவி, மாத்திரை. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். கெட்டிக்காரி, தடயமே வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மெஷினுக்கு இரண்டாவது மூட்டை. தோளில் தூக்கி வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடெல்லாம் நீலம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மாவிடம் நானே முந்திக்கொண்டு புகார் சொன்னேன் — மறைத்து மறைத்துத் தின்கிறாள் என்று. அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். குடிக்கிற தண்ணீர் என்ன என்றார். மெஷினைப் பற்றிப் பெருமையாகவே சொன்னேன்.

"சமையலுக்கும் அதே தண்ணியா?"

"ஆமா டாக்டர்."

"அந்த மெஷின் சுண்ணாம்பை எடுத்துட்டு, பதிலுக்கு உப்புல இருக்கிற சோடியத்தைத் தண்ணில விடும். முழுக் காரணமும் அதுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா இவங்க தொடக் கூடாத தண்ணி அது."

ஐயோ. நானா? சிட்டிகை சிட்டிகையா அளந்த நானா மூட்டை மூட்டையா கொட்டினேன்? ஒரே ஒரு தடவ அந்தப் பிளம்பர்கிட்ட ஏன்னு கேட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 10, வெள்ளி

அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எதுவும் திங்கல, இல்ல?" என்று என்னைக் கேட்டாள். "நீங்க அவ்ளோ அடிச்சுச் சொல்லவும், தூக்கத்துல எழுந்துபோய்த் தின்னுட்டேனோன்னு பயந்துட்டேன். காலைல எழுந்ததும் நாக்கால பல்லைத் துழாவிப் பாப்பேங்க."

தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொன்னபோதுகூட இப்படி இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பிளம்பர் வந்து சமையலறைக் குழாயைப் பழைய லைனில் சேர்த்தார். "சார், நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தார். "சொன்னீங்க," என்றேன்.

மே 3, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் அக்கா வீட்டுக்குப் போனவள்தான். வீக்கம் வடிந்துவிட்டதாம், படியும் ஏறுகிறாளாம். இன்று போன் செய்தேன்.

"தண்ணியெல்லாம் மாத்தியாச்சு. வந்துடேன்."

"தண்ணிக்குப் பயந்து நான் இங்க வரலீங்க." குரலில் கோபமே இல்லை. "இங்க யாரும் என்ன சாப்பிட்டேன்னு கேக்கறதில்ல."

சரி என்றேன்.