உன் முதல் அத்தியாயம்

ஜூன் 3

அன்புள்ள குட்டை,

முழங்கால் வலி உன்னை விட்டதா, இல்லை நீதான் அதை விடவில்லையா? ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டாயே. நூலகத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறாயாம், நிகழ்தகவுக்குப் பாடநூலை நீயே தேர்ந்தெடுக்கலாமாம். என் புத்தகம் இருக்கும்போது யோசனை எதற்கு? உங்கள் நூலகம் வாங்கினால்தான் மறுபதிப்பு என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அதன் ஆயுள் அவ்வளவுதான். நல்ல பதிலாக எழுது.

உன்,
தாடி

ஜூன் 21

அன்புள்ள தாடி,

பதில் தாமதமானதற்கு உன் புத்தகம்தான் காரணம். இதுவரை அதை வைத்தே நடத்தினேன். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று எல்லாரும் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் வகுப்புக்கு வரும் ஒரு செவிலியர் கேட்டார்: "சார், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் ஒண்ணு சரியா இருக்கும், இல்லன்னா தப்பா இருக்கும். அப்போ பாதிக்குப் பாதின்னு நோயாளிகிட்ட சொல்லிடலாமா?"

"அப்போ என் பிரேக் பிடிக்கிறதும் பாதிக்குப் பாதிதானாக்கா? நாளையிலேர்ந்து நடந்தே போயிடறேன்" என்றார் கூடப் படிக்கும் ஒரு லாரி ஓட்டுநர். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாடி, உன் முதல் அத்தியாயத்தில் எல்லா வாய்ப்புகளும் சமம். சமமில்லாத ஒன்றைக்கூட நீ காட்டவில்லை. அந்தப் பெண் நாம் காட்டியதைத்தான் படித்திருக்கிறார்.

இன்னொரு புத்தகம், பாட்டில் மூடியைச் சுண்டிப் பார்க்கச் சொல்லித் தொடங்குகிறது. சுண்டினோம். மூடி பெரும்பாலும் ஒரே பக்கமாக விழ, "ரெண்டு பக்கம் இருந்தா சமம்னு அர்த்தமில்லையே சார்!" என்று அந்தச் செவிலியரே சொன்னார்.

அந்தப் புத்தகத்தையே வாங்கச் சொல்லிவிட்டேன். இனி மாற்ற மாட்டேன். உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. உன் புத்தகத்தை மட்டும் படித்த இன்னொருவர் நோயாளியிடம் 'பாதிக்குப் பாதி' என்று சொல்லிவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

என்றும் உன்,
குட்டை

ஜூலை 9

குட்டை,

'அன்புள்ள' போட இன்னும் மனம் வரவில்லை. மறுபதிப்பு கிடையாது என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். இரண்டு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவளோ, "அவர் சொன்னதுல என்னங்க தப்பு?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள்.

முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதிதாக எழுதப் போகிறேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறேன். கடைசி பெஞ்சில் ஓர் இடம் வை. நான் யாரென்று மூச்சு விடாதே. அந்தச் செவிலியர் எந்த இடத்தில் புரியாமல் முகம் சுளிக்கிறார் என்று நான் பார்க்க வேண்டும்.

குறுக்கே பேசினால், நண்பன் என்று பார்க்காமல் என்னை வெளியே அனுப்பு.

தாடி