முதல் சம்பளத்துச் சட்டை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நலமில்லாத இடங்களை எழுத வேண்டாம் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், ஆகவே அவளுடைய முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனை எடுத்தால் நம்புவதற்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும். அக்காவின் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமா வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் ஓட்டைப் பல்லோடு சட்டைக்குச் சினிமா எடுக்கிறார் என்கிறாள், எனக்குத் தெரிந்து உன் வேலையை இவ்வளவு சுருக்கமாக நீகூட விளக்கியதில்லை. போன மாதம் நீ அனுப்பிய கோட்டு விளம்பரப் படத்தை மூன்று தடவை பார்த்தோம். ஒரு பெண் காலியான மண்டபத்தில் நடக்கிறாள், சுவரைத் தொடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை, கம்பெனி பெயர் வருகிறது. அந்தப் பொண்ணுக்கு என்னதான் பிரச்சினை, வீட்டில் யாரும் கேட்கமாட்டார்களா என்று அம்மாவுக்கு இன்னும் கவலை. கோட்டுக்குப் பொத்தான் போட்டிருந்தால் பாதித் துயரம் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் ஆட்கள் நேற்று வந்து போனார்கள். நம் வீட்டிலேயே ஒரு படம், சட்டைக் கம்பெனிக்கு, நீங்கள் சும்மா உட்கார்ந்தால் போதும் அப்பா என்று நீ சொன்னபோதே எனக்கு உறுத்தியது. சும்மா உட்காருவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருக்க, கடல் தாண்டி என்னை ஏன் தேட வேண்டும்? கேமராக்காரர் உள்ளே வந்ததும் காரை பெயர்ந்த சுவரைத் தடவி, சார் இந்த மாதிரி சுவர் காசு குடுத்தாலும் கிடைக்காது என்றார். வெள்ளையடிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றதும் பதறிப்போனார். ஃபிரிட்ஜைத் தூக்கி அடுக்களைக்குள் மறைத்தார்கள். வெளியே வெயில் கொளுத்த, ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் மழை பெய்ய வைத்தார்கள். சிரிக்காதீங்க சார், அப்பா கேரக்டர் சிரிக்கக் கூடாது என்றார்கள். நான் சிரிக்கவில்லை, இவர் முகமே அப்படித்தான் என்று அம்மா விளக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் உடைகளுக்கான பெண் வாசற்படியில் உட்கார்ந்து புத்தம்புதுச் சட்டையின் காலரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னம்மா பண்றே என்றால், பழசாக்கறேன் அங்கிள் என்றது. புதுச் சட்டை விற்கிறவன் எதற்காகப் பழசைக் காட்டுகிறான் என்று கேட்டேன். டைரக்டர் சார் கதை அப்படி என்றது. டைரக்டர் சார் யார் என்று யோசித்து, நீதான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர்கள் தெருவை எடுக்கப் போன நேரத்தில் உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்திருக்கிறாள். காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்து, பழசாகத் தெரிய அந்தப் பெண் தெளித்திருந்த சாயத் தண்ணீர்க் கறையெல்லாம் போகத் துவைத்து, இஸ்திரி போட்டே காயவைத்துத் தயாராக வைத்துவிட்டாள். திரும்பி வந்த பெண் சட்டையைப் பார்த்ததும் அழாத குறை. காலையிலேர்ந்து கஷ்டப்பட்டுப் பழசாக்கினேன் ஆன்ட்டி, இப்படிப் புதுசாக்கிட்டீங்களே என்றது. அம்மா விடவில்லை. ஊரே பார்க்கப்போற படத்துல இவரு கிழிஞ்ச காலரோட உக்காந்திருந்தா, பொண்டாட்டி செத்துட்டாளான்னு கேக்க மாட்டாங்களா என்றாள். கேமராக்காரர்தான், கதையில அம்மா இல்ல ஆன்ட்டி என்றார். அப்படித்தான் தெரிந்துகொண்டோம் கண்ணா, அம்மா காலமாகிவிட்ட விஷயத்தை. மகன் தூரதேசத்தில். முதல் சம்பளத்தில் அவன் வாங்கித் தந்த சட்டையைத்தான் தனியாக இருக்கும் அப்பா பத்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு உழைக்கிற சட்டை. கடைசியில் 'உண்மைக் கதை' என்று எழுத்து வரும், கம்பெனிக்கு அதுதான் முக்கியம், அதற்காகத்தான் நிஜமான அப்பா. உன் அம்மா கோபப்படவில்லை. அப்போ பத்து வருஷமா அதைத் துவைச்சது யாரு என்று மட்டும் கேட்டாள். கேமராக்காரர் உடனே உனக்குப் போன் போட்டார். உன் போன் அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அம்மா சொன்னாள், நான் அதைப் பிழை திருத்தாமல் விட்டேன்.

சாயங்காலம் குரலை மட்டும் பதிவுசெய்ய வேண்டும் என்றார்கள். 'இது என் மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது.' ஒரே வரி. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கம்பெனி படத்தை எடுத்துக்கொள்ளாது, உனக்கு அடுத்த படமும் கிடைக்காது என்று ஒலிப்பதிவுக்காரர் தனியாக அழைத்துச் சொன்னார், நல்ல மனிதர், மிரட்டவில்லை, கெஞ்சினார். பத்திரிகையில் அடுத்தவன் எழுதிய பொய்க்கெல்லாம் காற்புள்ளி சரிபார்த்துக் கொடுத்தவன் நான், ஒரு வரி சொல்வதில் எனக்கு நாக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது கண்ணா, அது இந்தச் சட்டையைப் பற்றியதல்ல. எங்களைப் பற்றி உள்ளதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கிறதோ என்று. நீ முதல் சம்பளத்தில் கேமராவுக்கு லென்ஸ் வாங்கினாய். சட்டை வாங்கட்டுமா அப்பா என்று கேட்டாய். போடா, என்கிட்ட சட்டை இருக்கு, உன்கிட்ட லென்ஸ் இல்லையே என்று சொன்னது நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஆகவே மைக்கை முன்னால் வைத்ததும் இதைச் சொன்னேன்: இந்தச் சட்டை இன்று காலையில்தான் வந்தது. என் மகன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை, லென்ஸ் வாங்கினான், நான்தான் வாங்கச் சொன்னேன். என் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள், சட்டையைத் துவைத்தது அவள்தான். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இன்னொரு டேக் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. வேறு எதுவும் நான் சொல்லப்போவதில்லை. வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்பது டைரக்டர் சாரின் பொறுப்பு. வெட்டினாலும் நீ என் பிள்ளைதான், வருத்தப்படுவேன், அவ்வளவுதான்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. எல்லா நலமும் பெற்று, தலை நிமிர்ந்து நன்றாக இரு. இதைப் படித்ததும் எனக்கு வேண்டாம், அம்மாவுக்குப் போன் பண்ணு, அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதை நீயே அவளிடம் சொல்லிவிடு.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
(நிஜமானவர்)