நாள் ஒன்றுக்கு ஐம்பது

பாலினா,
மே 11, ஞாயிறு.

அன்புள்ள அட்ராக்டா அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நலம் விசாரிக்கிறேன். பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள், என் சொந்த வீட்டில், என் சொந்த சோபாவுக்குப் பின்னால், ஐம்பத்து நான்கு வயதில் நான் ஒளிந்து படுத்திருந்தேன். என் நெஞ்சின் மேல் உன் பேத்தி எத்னா. வாசலில் அழைப்புமணி. ‘அழுதுடாதடி ராசாத்தி’ என்று அவள் காதில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவளுக்கோ ஒரே சிரிப்பு.

வந்தது போலீஸ் இல்லை. ஹெனகன் வீட்டு மருமகள். கைக்குழந்தை டோனாவை என்னிடம் விட விரும்பினாள். அவள் என்னிடம் கேட்க வந்தது ஒரே கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவில் இருக்கும் கடிதத் துளை திறந்தது. “டிம்ப்னா அக்கா, உங்க கால் தெரியுது. நான் வேணும்னா அப்புறமா வரட்டுமா?” என்றாள். காதணி விழுந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நான் பிறந்ததிலிருந்து காது குத்திக்கொள்ளாதவள் என்பது பாலினா ஊர் முழுக்கத் தெரியும்.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கும். நீ எப்படிச் சிரித்தாய். உனக்கென்ன, எட்டு வருடமாகப் பெர்த்தில் நாய்க்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாய். நகம் வெட்ட ஒரு விலை, காது துடைக்க ஒரு விலை, கடிக்கிற நாய் என்றால் மேலே பதினைந்து என்று பலகை எழுதி மாட்டியவள். நம் ஊர்க் கூச்சம் உன்னை விட்டு எப்போதோ கழன்றுவிட்டது. இங்கே நிலைமை அப்படியேதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது முதலாளி கணக்குத் தீர்க்கக் கூப்பிட்டார். “அதெல்லாம் எதுக்குங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதவள் நான்.

நீ எனக்குச் சொன்னது இரண்டே வாக்கியம். “தொகையைச் சொல்லு. சொல்லிட்டு வாயை மூடு.” ‘ஆனா’ சொல்லக் கூடாது, ‘உங்களால முடிஞ்சத’ சொல்லக் கூடாது, மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும், அதற்குள் அவர்களே தலையாட்டிவிடுவார்கள் என்றாய். நானும் பயிற்சி எடுத்தேன், அக்கா. குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து “நாள் ஒன்றுக்கு ஐம்பது” என்றேன். கண்ணாடியில் இருந்தவள் மன்னிப்புக் கேட்டாள். வீட்டு நாயிடம் சொன்னேன். அது எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து, கறிக்கடைக்காரன் எடை சொல்வதுபோல முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லப் பழகிவிட்டேன்.

செயிண்ட் பேட்ரிக் பண்டிகைக்கு மறுநாள் காலையில் பட்டியலை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, நாள் ஒன்றுக்கு ஐம்பது யூரோ. அரை நாள் முப்பது. ஐந்தரைக்கு மேல் ஒவ்வொரு கால் மணிக்கும் பத்து. பால்புட்டி, துடைக்கும் துணி, டயப்பர் அவரவர் கொண்டுவர வேண்டும். கீழே பச்சை மையில் ஒரு வாத்துக்குட்டி வரைந்தேன், கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று. அது பார்ப்பதற்கு ஒரு வரி அதிகாரி மாதிரி இருந்தது.

அன்று காலை முதலில் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் ஹெனகன் மருமகள் இல்லை. உன் மகள்.

இங்கே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்டோபரில் ரோஷீன் பல் மருத்துவமனை வேலைக்குத் திரும்பி, எத்னாவை என்னிடம் விட ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு நடந்தது. முதல் வெள்ளிக்கிழமை “எவ்வளவு சித்தி?” என்றாள். “போடி கழுதை” என்றேன். இரண்டாம் தடவை கேட்டாள். “அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. போன பிறகு பார்த்தால் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் ஓர் இருபது யூரோ நோட்டு. முறைப்படி நான் அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதை எத்னாவின் பையில், டயப்பருக்கு நடுவில் செருகி அனுப்பினேன். அடுத்த வாரம் அது என் சர்க்கரை டப்பாவில் இருந்தது. அதற்கடுத்த வாரம் அவள் கார் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தேன். அவள் வண்டியை எடுத்துக்கொண்டே வெளியே எறிந்தாள். நோட்டு வேலிச் செடியில் போய் உட்கார்ந்தது. மழையில் இரண்டு பேரும் முள்ளில் கையை விட்டுத் தேடினோம். அதே நோட்டு, அக்கா. மூலையில் கிழிசல் உள்ள அதே நோட்டு, குளிர்காலம் முழுக்கப் போய்ப்போய் வந்தது. வெள்ளிக்கிழமை தேநீருக்கு அரை மணி நேரம் உட்காருவாள். மருத்துவமனைக்கு வந்தவர்களின் வாயில் என்னென்ன இருந்தது என்று ஒன்று விடாமல் சொல்வாள். பாதிரியாருக்குப் பல்செட் என்பது இப்போது எனக்கும் தெரியும். நீ யாரிடமும் சொல்லாதே.

அந்தக் காலையிலும் அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பர்ஸைத் திறந்து, “இப்பவாவது சொல்லுங்க சித்தி, எவ்வளவு தரணும்?” என்றாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. எனக்கோ மூன்று வாரப் பயிற்சி. கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வெளியே வந்தது.

“நாள் ஒன்றுக்கு ஐம்பது” என்றேன்.

வாயை மூடினேன். நீ சொன்னபடியே மூடினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அவள் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். ‘உனக்கு இல்லடி, ஊருக்கு’ என்று நான் சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று, நான்கு. எனக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஐந்து வரை எண்ணி முடித்தால்தான் பரீட்சையில் தேறியதாக ஆகும் என்று எந்தப் பேய் என்னைப் பிடித்ததோ தெரியவில்லை. ஐந்து. அவள் தலையாட்டினாள். “நியாயமான விலைதான் சித்தி” என்றாள். வாத்துக்குட்டி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை என் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தது. குறிப்பு என்ற இடத்தில் ‘குழந்தை பராமரிப்பு’ என்று இருந்தது. வெண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன், சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தேன். கிழிந்த நோட்டு எங்கேயும் இல்லை. எங்கள் இருவரில் யாரிடம் கடைசியாக நின்றது என்பதே மறந்துவிட்டது.

ஹெனகன் மருமகள் சேர்ந்த கதை வேறு. அவள் பட்டியலைப் படித்து ஒரே நொடியில் நிம்மதியாகிவிட்டாள். முன்பு தெரிந்தவர் வீட்டில் பிள்ளையை விட்டால் ஐந்து நிமிடம் தாமதத்துக்கு ஒரு கேக் சுட்டுக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்ததாம். இப்போது ஆறரைக்கு நிதானமாக வருகிறாள், முடி அலங்காரம் செய்துகொண்டு. ஒருநாள் முகத்தைச் சுளித்துப் பார்த்தேன். “அதான் பணம் குடுக்குறேனேக்கா” என்றாள். நான் விதித்த அபராதத்தில் அவள் ஒரு நேரத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்.

ரோஷீன் ஐந்து இருபத்தெட்டுக்கு வருகிறாள். கோட்டைக் கழற்றுவதில்லை. வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். “ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்” என்றால், “ஐந்தரை ஆயிடும் சித்தி” என்கிறாள். குத்திச் சொல்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் முகம் அவளுக்கு.

சரிசெய்யாமல் இருப்பேனா? ஈஸ்டர் முடிந்த கையோடு பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்: குடும்பத்தினருக்குக் கட்டணம் இல்லை. மறுநாள் அவள் அதைப் படித்துவிட்டு, மிகவும் அமைதியாக, “எத்னாவோட அப்பன் கால்வே நகரத்துலேர்ந்து ஒரு காசு அனுப்பலன்னு ஊர்ல யாராவது சொன்னாங்களா சித்தி? பாவம் பாக்குறீங்களா?” என்று கேட்டாள். இல்லையடி என்றேன். “அப்ப ஐம்பதுதான்” என்றாள். அந்த வரியை நானே அடித்தேன். வாத்துக்கும் சேர்த்து ஒரு கோடு விழுந்தது.

போன வாரம்தான், குழந்தைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டே, பெர்த்துக்கு உன்னிடம் வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மழை நல்லா பெய்யுது என்பது போலச் சொன்னாள். இன்னும் முடிவெடுக்கவில்லையாம், அம்மாவிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் வேடிக்கை பேசித் தப்பித்துவிடுவேன்.

நீ அவளைப் பெற்றவள். உன் பேத்தியை நீ இதுவரை திரையில்தான் பார்த்திருக்கிறாய். அவள் உன் மூக்கைத் தொடுவதாக நினைத்துக் கண்ணாடியை நக்கியிருக்கிறாள். இந்த ஆசையில் எனக்குப் பங்கு கேட்க உரிமை இல்லை. ஆனால் அவளுடைய இருபதாவது வயதில் நீ அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனபோது, “உன் பொண்ணு மாதிரி பாத்துக்கோ” என்றாய். அப்போதும் நான் எவ்வளவு என்று கேட்கவில்லை. இப்போது மட்டும் ஏன் கேட்டேன் என்று யோசித்து யோசித்து, எத்னாவுக்குக் கொடுக்க வேண்டிய கேரட் மசியலை நேற்று நானே சாப்பிட்டுவிட்டேன்.

அவள் கேட்டால் இதைச் சொல்: சித்திக்கு விலை சொல்லத் தெரியாது, பழகிக்கொண்டாள், முதல் தடவையே தவறான ஆளிடம் சொல்லிவிட்டாள் என்று. கொஞ்ச நாள் பொறுத்துப் பார் என்று சொல். எத்னா இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிடியை விட்டால் ஒரு அடி வைப்பாள் போலிருக்கிறது. முதல் அடி இங்கே விழட்டும். மற்றதெல்லாம் அங்கே நடக்கட்டும், அத்தனையும் உனக்கு.

உன் முழங்கால் வலி குறைய வேண்டும். கடிக்காத நாய்களாக உன் கடைக்கு வர வேண்டும். கடவுள் உன் வீட்டை நிறைத்து வைக்கட்டும். என் வீட்டையும் அடியோடு மறந்துவிடாமல் இருக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
டிம்ப்னா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரோஷீன் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அபராதம் கிடையாது, இருந்தும் உட்காரவில்லை. ஒரு தாளை அச்செடுத்துத் தரச் சொல்லிக் கைப்பேசியிலிருந்து அனுப்பிவிட்டு, குழந்தையோடு காரில் காத்திருந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதைத் திருத்தவில்லை. ஐந்து பக்கம், கை வலிக்கிறது. விமானச் சீட்டு அது: டப்ளினிலிருந்து பெர்த், ஒரு பெரியவர், ஒரு கைக்குழந்தை, போகும் வழி மட்டும். கட்டணம் செலுத்தியவர் என்ற இடத்தில் உன் பெயர். சீட்டு வாங்கிய தேதி பிப்ரவரி ஒன்பது. நான் பட்டியல் ஒட்டியது மார்ச் பதினெட்டு.