பத்துக்குப் பத்து வேண்டும்

ஆகஸ்ட் 3

வணக்கம்.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. ஓர் உதவி வேண்டும்.

நான் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது மருந்து கொடுக்கிற நர்ஸ்கள் எல்லோருக்கும் ஒரு கணக்குப் பரீட்சை வைக்கிறார்கள். டாக்டர் எழுதின அளவுக்கு எத்தனை மில்லி எடுப்பது, டிரிப் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு ஓடுவது, இப்படிப் பத்துக் கேள்வி. பத்தும் சரியாக இருக்க வேண்டும். ஒன்பது வாங்கினாலும் ஃபெயில்தான். நான் ஏழு.

ஹெட் நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, "முப்பதாம் தேதி இன்னொரு தடவை எழுதலாம். அதுதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா உன்னை என்னால வச்சுக்க முடியாதும்மா" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார்கள்.

என்னோடு எழுதின சின்னப் பெண்கள் எல்லோரும் பாஸ். ஓய்வறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களிடம் போய்ச் சொல்லிக்கொடு என்று கேட்க வாய் வரவில்லை. லேத் மெஷினில் இரும்பு கடைந்தபடியே புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம்வரை மனக்கணக்காகப் போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

போன் வேண்டாம். போனில் மூன்றாவது வாக்கியத்துக்குள் சண்டைக்குப் போய்விடுவோம். நேரில் வரவும் வேண்டாம். நான் தப்புவிட்ட மூன்று கணக்கையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 7

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். கணக்கு என்றதும் உயிர் வந்தது.

முதல் கணக்கு. நோயாளிக்கு வேண்டியது 75 மில்லிகிராம். பாட்டிலில் 100 மில்லிகிராம் இருக்கிறது, 2 மில்லி தண்ணீரில் கரைந்து. நீ 75-ஐ 100-ஆல் வகுத்து முக்கால் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய். அதோடு பேனாவை வைத்துவிட்டாய். முக்கால் என்ன? அந்த 2 மில்லியில் முக்கால் பங்கு. அதாவது ஒன்றரை மில்லி. வாசல்வரை போய்விட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பியிருக்கிறாய்.

எப்போதும் மூன்று கேள்வி கேட்டுக்கொள். வேண்டியது எவ்வளவு? கையில் இருப்பது எவ்வளவு? அது எத்தனை மில்லியில் இருக்கிறது? முதலாவதை இரண்டாவதால் வகு, மூன்றாவதால் பெருக்கு. இரண்டாவது கணக்கிலும் இதே தப்புதான். மூன்றாவதில் மணியை நிமிஷமாக்க மறந்துவிட்டாய்.

நீ ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. ஃபெயிலானால் குடி முழுகிவிடாது. இந்த ஊர் ஃபாக்டரியிலேயே என்னைப் பெர்மனென்ட் ஆக்குகிறேன் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் கம்பெனி வீடு உண்டு, இரண்டு ரூம், நல்ல வெளிச்சம். நீ எதற்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டும்? வந்துவிடு. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
டர்னர்


ஆகஸ்ட் 12

டர்னருக்கு,

கடிதத்தின் முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது பக்கத்தை ஒரு தடவை.

கணக்கு புரிந்தது. அந்த மூன்று கேள்வியையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வார்டில் எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் மனதுக்குள் போட்டுப் பார்க்கிறேன். சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு நன்றாக வருகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. "நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். கரண்டு பில், பாங்க் பாஸ்புக், சீட்டுப் பணம் கட்டுவது எல்லாமே நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். கடைக்காரர் மீதி நீட்டினால் என் கைக்கு முன்னால் உங்கள் கை போகும். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு அந்த ஊருக்கு மாற்றல் வந்து, நான் கூட வரமாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் காரணம் கேட்டீர்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

பரீட்சையில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நாலாவது கேள்விக்கு வந்ததும் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பக்கத்து மேஜைப் பெண் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. இந்த வேலை எனக்குத் தெரியும். இருட்டிலேயே நரம்பு தேடி ஊசி போடுவேன். ஆனால் காகிதத்தில் எழுதிக் கேட்டால் போட வரவில்லை.

புதிதாகப் பத்துக் கணக்கு எழுதி அனுப்புங்கள். குழந்தையின் எடைக்கு மருந்து, டிரிப், மாத்திரை மூன்றும் இருக்கட்டும். விடையைத் தனித் தாளில் மடித்து வையுங்கள். சீக்கிரம் வேண்டும்.

நான் அங்கே வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 20

டர்னருக்கு,

தினமும் டியூட்டி முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள். நான் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வேன். இப்படிக் காத்திருக்க வைக்காதீர்கள். பரீட்சை நெருங்கிவிட்டது.

நான்


ஆகஸ்ட் 22

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வேலை அதிகம். அதனால்தான் தாமதம். பத்துக் கணக்கு இத்துடன். விடை தனியாக.

டிரிப்புக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். 500 மில்லி, நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு. மொத்தச் சொட்டு 10,000. நாலு மணி என்பது 240 நிமிஷம். வகுத்தால் நாற்பத்தொன்றரைக்குக் கொஞ்சம் மேலே. பாதிச் சொட்டு என்று ஒன்று கிடையாது, ஆகவே 42.

தூங்கிப் படி.

டர்னர்


ஆகஸ்ட் 26

டர்னருக்கு,

பத்தும் போட்டேன். ஒன்பது உங்கள் விடையோடு ஒத்துப்போகிறது. ஆறாவது ஒத்துப்போகவில்லை.

எட்டுக் கிலோ குழந்தை. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஆம்பூல் என்கிற மருந்துக் குப்பி ஒன்றில் ஒரு மில்லி, அதில் 4 மில்லிகிராம். உங்கள் விடை 2 மில்லி. எனக்கு 0.2 வந்தது.

முதலில் நான்தான் தப்பு என்று நினைத்து அடித்துவிட்டேன். மறுபடி போட்டேன், 0.2. திரும்பவும் போட்டேன், 0.2. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இவ்வளவு படித்தும் மண்டையில் ஏறவில்லையே என்று. அப்புறம் கணக்கை விட்டுவிட்டு அந்தக் குழந்தையை நினைத்துப் பார்த்தேன். எட்டுக் கிலோ என்றால் தவழ்கிற வயசு. அதற்கு 2 மில்லி போட வேண்டுமானால் இரண்டு ஆம்பூல் உடைக்க வேண்டும். அவ்வளவு சின்ன உடம்புக்கு இந்த மருந்தை இரண்டு ஆம்பூல் உடைத்து யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தப்பு உங்களுடையது. 8-ஐ 0.1-ஆல் பெருக்கும்போது புள்ளியை விட்டுவிட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் புள்ளி விடுகிற ஆள் இல்லை. வேணுமென்றே செய்தீர்களா?

நான்


ஆகஸ்ட் 28

அன்புள்ள உனக்கு,

வேணுமென்று செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும். உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்த அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, அதே மூச்சில் பத்துக் கணக்கையும் எழுதினேன். திருப்பிப் பார்க்கவில்லை.

ஆனால் வேணுமென்று செய்தது ஒன்று உண்டு. எழுதி முடித்த தாளை உடனே போஸ்ட் பண்ணவில்லை. சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். தபால் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் போவேன். நீ ஃபெயிலானால் வேறு வழியில்லாமல் இங்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன். உன் இருபதாம் தேதிக் கடிதம் வந்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. தேதியை அப்போதுதான் போட்டு அனுப்பினேன்.

ஆறாவது கணக்கைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றைக்கு மெஷினில் என்னால் நிற்க முடியவில்லை. நான் அளவு தப்பினால் இரும்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பேன். உன் வேலையில் அப்படி எடுக்க முடியாது. இத்தனை நாளும் அதை நான் யோசித்ததே இல்லை.

முப்பதாம் தேதி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம் என்று லீவு போட்டிருந்தேன். நீ வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெர்மனென்ட் பேப்பர் என் மேஜையில் கிடக்கிறது. கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா? நீ சொல்வதுதான்.

உன்,
டர்னர்


ஆகஸ்ட் 31

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் பரீட்சையன்று காலையில் வந்தது. பிரித்தால் கணக்கில் மனசு நிற்காது என்று தெரியும். பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தத் தடவை நான் ஒருத்திதான். ஹெட் நர்ஸின் அறையில் அவர்கள் மேஜைக்கு எதிரிலேயே உட்காரவைத்தார்கள். நாலாவது கேள்வியில் மறுபடி எண்கள் ஒட்டிக்கொண்டன. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது யாருக்கு, எந்த வயசு, எந்தப் படுக்கை என்று ஒரு ஆளை நினைத்துக்கொண்டேன். அப்புறம் எண்கள் தனித்தனியாக நின்றன. ஏழாவதற்கு முதலில் பதினைந்து மாத்திரை என்று விடை வந்தது. ஒரு வேளைக்குப் பதினைந்து மாத்திரையை யார் விழுங்குவார்கள்? அடித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றரை.

என் எதிரிலேயே திருத்தினார்கள். எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. அவர்கள் ஒரு துண்டுத் தாளை எடுத்துத் தாங்களே அந்தக் கணக்கைப் போட்டார்கள். அப்புறம் நிமிர்ந்து பார்க்காமலே டிக் அடித்தார்கள்.

"பத்தும் சரி. திங்கட்கிழமையிலேர்ந்து மருந்து டிராலி உன் பொறுப்பு."

"சரிங்க சிஸ்டர்" என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

புள்ளியை விட்டது தூக்கக் கலக்கம். அதை நம்புகிறேன். பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டிப் போனீர்களே, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. கொஞ்ச நாள் வலிக்கும். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

நான் அங்கே குடி வரமாட்டேன். கையெழுத்துப் போடுவதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்காகப் போட வேண்டாம், எனக்காகப் போடாமல் இருக்கவும் வேண்டாம். உங்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அதை எழுதுங்கள்.

அடுத்த மாதம் எனக்குப் பகல் டியூட்டி. ஞாயிறு லீவு. வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சமைத்து வைக்கிறேன். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்தத் தடவை அப்படித்தான்.

அன்புடன்,
நர்ஸம்மா