காத்திருப்புப் பட்டியலில் ஐந்தாவது

ஜூலை 7, திங்கள்

மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பாறசாலையில் இந்த கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து இன்று எட்டுப் பேருக்கு காலேஜ் அப்ளிகேஷன் போட்டேன். ஆள் ஒழிந்த பிறகு என்னுடையதைத் திறந்தேன். திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். காத்திருப்புப் பட்டியலில் ஐந்தாவது.

நாலாவது யார்? அஜிஷா! ஒரே ஒரு மார்க்.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். எல்லா செமஸ்டரிலும் நான்தான் முதல். நுழைவுத் தேர்வுக்கு முந்தின நாள் பிராபபிலிட்டி சொல்லிக் கொடுத்ததும் நான்தான். போயும் போயும் அந்தக் கணக்கே வந்தது. அவள் சரியாகப் போட்டாள். நான் அவசரத்தில் கூட்டலைத் தப்பாகப் போட்டேன்.

மத்தியானம் பொழியூரிலிருந்து வந்தாள். அவளுக்கும் அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்தது நான்தான். அவள் போன் கடல்தண்ணீரில் விழுந்து செத்துப்போனதால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். பாஸ்வேர்டையும் நானே போட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் நீ பாத்துக்க மக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். ஒன்றும் தெரியாதவளுக்கு நாலாவது இடம்.

ஜூலை 8, செவ்வாய்

பேப்பரில் அவள் படம்! கடலோரத்திலிருந்து உயர்கல்விக்கு, என்று தலைப்பு. பக்கத்தில் அவள் அப்பா ததேயூஸ், வலையைப் பிடித்துக்கொண்டு. சீட் கிடைப்பதற்கு முன்பே படம். என் அப்பா விடியுமுன் ஆரியங்கோட்டுக்கு ரப்பர் வெட்டப் போகிறாரே, அவரைக் கத்தியோடு நிற்கவைத்து யாராவது படம் எடுத்தார்களா? கடல் அழகாக விழும், ரப்பர் தோட்டம் இருட்டாக விழும். அவ்வளவுதான் போல.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பீஸ் சலுகையும் உண்டு. அந்தப் பாரத்தையும் நானே நிரப்பினேன்.

இப்படியெல்லாம் எழுதுகிறேனே, போன வருடம் கடல் ஏறி அடித்ததில் அவர்கள் வீட்டுச் சுவர் போனதைப் பார்த்தவள்தானே நான்? பார்த்தேன். ஆனாலும் எரிகிறது.

ஜூலை 9, புதன்

பட்டியலில் முதல் மூன்று பேரும் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே சீட். அடுத்தது அவள்.

ஜூலை 10, வியாழன்

11.20க்கு என் போனுக்கு மெசேஜ் வந்தது. அஜிஷாவுக்கு சீட். சனிக்கிழமை மூன்று மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் நான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பென்ஷன் பாரத்தைப் பெயர் மாற்றி அடித்து, திருத்தி, மறுபடி அடித்தேன்.

ஆறு மணிக்கு அஜிஷா தன் அண்ணன் சிஜோவின் போனிலிருந்து கூப்பிட்டாள். "மக்கா, வல்லதும் வந்துதா?" குரலில் ஒரு சிரிப்பு. எப்போதும் சிரிக்கிறவள்தான்.

"ஒண்ணும் வரேல்ல" என்றேன்.

சிரிப்பு நின்றது. பிறகு, "செரி, வந்தா சொல்லு."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

ஜூலை 11, வெள்ளி

அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இந்த வருசம் சீட்டு கெடச்சா படி. இல்லெங்கி வெள்ளறடை மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு வாக்கு சொல்லணும் மோளே. எத்தற நாள் அவியள நிறுத்தி வைக்க?" அஜிஷாவுக்கு அடுத்த வருடம் உண்டு. கெட்டிக்கொடுக்க அவள் வீட்டில் யாரும் அவசரப்படவில்லை. எனக்கு இந்த ஒன்றுதான்.

நான் ஒன்றும் செய்யவில்லையே. சும்மா இருக்கிறேன், அவ்வளவுதானே?

இரண்டாம் வருடம் எனக்கு அம்மை போட்டபோது பதினெட்டு நாள் நோட்டையும் தன் கையால் எழுதி, பொழியூரிலிருந்து செங்கல் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். இது ஏன் இப்போது நினைவுக்கு வர வேண்டும்? ச்சே. நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் முந்த வேண்டுமா?

ஜூலை 12, சனி

இன்று மூன்று மணிவரைதான்.

1.00. யாரும் கூப்பிடவில்லை.

2.20க்கு அவள் பக்கத்தைத் திறந்தேன். அவளுக்காக உறுதி செய்யவா, அவள் செய்யவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளவா? சத்தியமாக இப்போதும் தெரியவில்லை. பாஸ்வேர்டை அடித்தேன்.

பச்சை எழுத்தில் இருந்தது. சேர்க்கை உறுதி செய்யப்பட்டது. வியாழன், மாலை 4.10.

வியாழன். நாலு பத்து. என்னைக் கூப்பிட்டது ஆறு மணிக்கு.

அப்படியென்றால் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். சிஜோவின் போனில் பார்த்துவிட்டு, நான் "கெடச்சுதுடீ" என்று கத்துவேன் என்று காத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பு அதற்குத்தான். நான் என்ன சொன்னேன்? ஐயோ, நான் என்னத்த சொன்னேன்!

ஜூலை 13, ஞாயிறு

அம்மா வெள்ளறடைக்குப் போன் செய்தாள். நான் தடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

அவளைக் கூப்பிட்டு என்ன சொல்வது? மெசேஜ் பார்க்கவில்லை என்றா? நாளெல்லாம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை என்று அவளுக்குத் தெரியாதா?

இவ்வளவுக்கும் பொறாமை போகவில்லை. அதுதான் கேவலம்.

ஜூலை 16, புதன்

மூன்று மணிக்கு அஜிஷா கூப்பிட்டாள். புது நம்பர்.

"சுமி, புதுப் போன் வாங்கியாச்சு. அப்ளிகேஷன்ல நம்பர் மாத்தணும். உனக்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும்."

மக்கா என்று கூப்பிடவில்லை. மூன்று வருடத்தில் என் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டதே குறைவு.

"அஜிஷா, அண்ணைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வந்துதா?" என்று கேட்டாள்.

"வந்துது" என்றேன். ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். "செரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடம் இன்னொரு மெசேஜ். இனி இந்த எண்ணுக்கு அஜிஷா ததேயூஸ் பற்றிய தகவல்கள் வராது.