நீவெஸின் இரவல் குரல்

ஜெனோவா
3 பிப்ரவரி 1971

அன்புள்ள இரிதே அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, புதுப் படத்தில் கணவனிடம் நான் கெஞ்சும் வசனத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று பயம். என் சொந்த வீட்டில்!

உங்கள் தொண்டையில் கட்டி என்று தயாரிப்பாளர் பெல்லெந்தானி தொலைபேசியில் சொன்னதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். இருபது வருஷமாகப் படப்பிடிப்பில் நான் வாயசைக்கிறேன். பிறகு ரோமில், ஒலிப்பதிவு செய்யும் இருட்டறையில், எனக்காக நீங்கள் பேசுகிறீர்கள். ஊரே அதை என் குரலென்று நம்புகிறது. நேற்று சந்தையில் நெத்திலி விலை கேட்டேன். மீன்காரி என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள், அப்புறம் சிரித்தாள். "அச்சு அசல் அந்த நடிகை நீவெஸ் பல்தான் மாதிரியே இருக்கியேம்மா! வாயைத் திறந்து கெடுத்துட்டியே. அவ குரல் தேனாச்சே!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மீன் வாங்காமலே வந்துவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
நீவெஸ்

*

ரோம்
9 பிப்ரவரி 1971

அடியே நீவெஸ்,

மீன்காரி கதையைப் படிச்சு சிரிச்சதுல தொண்டை வலி ரெண்டு மடங்காச்சு. பாவம் உன் தலையில.

டாக்டர் இந்த வாரமே அறுக்கணும்னார். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தாம். அறுத்தா பேச்சு திரும்ப வர்றது சந்தேகமாம். ஈஸ்டர் கழிச்சுப் பார்க்கலாம்னுட்டேன். உன் படத்தைப் பேசி முடிச்சுட்டுத்தான் கத்தியைக் கிட்ட விடுவேன்.

பெல்லெந்தானி எனக்குப் பதிலா ஒரு சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தான். கிளி மாதிரி கீச்சுக் குரல். இந்த வயசுல உனக்குக் கிளியா? தியேட்டரே சிரிக்கும், அதோட உன் பொழப்பு முடிஞ்சுது. நான் இருக்கிறவரை விடமாட்டேன்.

நேத்து அந்தக் கெஞ்சுற காட்சியைப் பேசினேன். நடுவுல ரத்தம் வந்துச்சு. கைக்குட்டையில துடைச்சுட்டு மறுபடி பேசினேன். ஒலிப்பதிவு பண்றவன் கவனிக்கல. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். பயந்து சாகாதே. வேளைக்குச் சாப்பிடு.

இரிதே

*

ஜெனோவா
14 பிப்ரவரி 1971

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு வசனத்துக்கும் நீங்கள் கைக்குட்டையை எடுப்பீர்கள். நான் இங்கே உட்கார்ந்து நெத்திலி வாங்குவதா?

முதல் படத்தில் என் குரலைக் கேட்ட இயக்குநர், "முகம் மாதா, தொண்டை துறைமுகக் கூலி" என்றார். அன்று மூடிய வாய் இது. அதற்கு முன்னால் கல்லூரியில் வகுப்பு முழுக்கக் கேட்கக் கவிதை வாசித்தவள்தான் நான். அப்போது யாரும் சிரித்ததாக நினைவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பயம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ரோமுக்கு வருகிறேன். உங்களைப் பார்க்க வருவதாகப் பெல்லெந்தானி நினைத்துக்கொள்ளட்டும். நேராக அந்த இருட்டறைக்குப் போய் என் வசனத்தை நானே பேசப் போகிறேன். வீட்டில் என் கணவரிடமும் சொல்லவில்லை. யாரிடமாவது சொன்னால் தடுப்பார்கள். தடுத்தால் எனக்கு நிம்மதியாகிவிடும். அதனால்தான் சொல்லவில்லை. மனம் மாறுவதற்குள் இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிவிடுகிறேன்.

நீங்கள் மருத்துவமனையில் போய்ப் படுங்கள். இனி எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அக்கா.

நீவெஸ்