மூன்றாவது அறை யாருக்கு

அன்புள்ள வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால்கூடப் போன வாரத்திலிருந்து எங்களோடு ஒத்துப்போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் இருக்கிறோம் என்றே எழுது. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், பிறகு நான் கத்துகிறேன், அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். இதில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எழுதியதும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார், அவருடைய கட்டைவிரல் மறைக்கிற எழுத்துகளை நீயாக ஊகித்துக்கொள்.

மாதக் கடைசியில் அந்த மூன்று அறை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் கையெழுத்துப் போடப்போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். கூடவே உங்கள் மாவட்டத்து வீட்டு நிலவர அறிக்கை என்று பதினெட்டுப் பக்கம் அனுப்பியிருந்தாய். நடுத்தர வருமானக் குடும்பம் நடுத்தர விலை வீட்டை வாங்கலாம், சம்பளத்தில் பத்தில் மூன்று பங்குக்குள் மாதத் தவணை அடங்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அப்படியே, ஆகவே இது கட்டுப்படியாகும் மாவட்டம் என்று அதில் போட்டிருக்கிறது. மாவட்டத்துக்கே கட்டுப்படியாகுதுன்னா, நமக்கு மட்டும் ஆகாதாம்மா என்று நீ கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி கேன்டீனில் கரண்டி பிடித்தவள் நான். தினமும் அறுநூறு பேருக்குப் பரிமாறுகிறோம், சராசரி வயிறு என்று ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. அதனால் போன வாரம் முழுக்க ஒரு வேலை செய்தேன், கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். தட்டை நீட்டுகிறவர்களிடமெல்லாம் சொந்த வீடா வாடகை வீடா, சம்பளத்தில் பத்தில் எத்தனை பங்கு வீட்டுக்குப் போகிறது என்று கேட்டேன். இரண்டாம் நாளே என் வரிசை காலியாகிவிட்டது, எல்லாரும் பக்கத்து வரிசையில் போய் நின்றார்கள். குழம்புக்குக் கணக்குக் கேக்கறாங்கப்பா என்று காவல்காரர் வேறு கிளப்பிவிட்டார். சொன்ன வரையில், பெரிய டாக்டருக்கு ஒரு பங்கு, தலைமை நர்சுக்கு இரண்டு, எக்ஸ்ரே எடுக்கும் பையனுக்கு நாலு, தரை துடைக்கும் அம்மாவுக்கு ஐந்து. கூட்டி நாலால் வகுத்தால் மூன்று வருகிறது, உங்கள் அறிக்கை சொல்கிற அதே மூன்று. இதைத் தரை துடைக்கும் அம்மாவிடம் சொன்னேன். அப்ப நான் சௌகரியமாத்தான் இருக்கேனாக்கா, எனக்கே தெரியாமப் போச்சே என்று அவள் சிரித்த சிரிப்பில் சமையலறையே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தார். பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது பார். சொந்த வீட்டுக்காரர்களையும் வாடகைக்காரர்களையும் கலக்காமல், வாடகைக்கு இருப்பவர்களின் சம்பளத்தை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் நாலரைப் பங்கு வாடகைக்கே போகிறது. அதாவது நீங்கள் இப்போது படுகிற பாடு உங்களுடைய கெட்டிக்காரத்தனக் குறைவால் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். இனி வாங்குகிற கதைக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீட்டுப் பட்டியலில் மூன்று அறை வீட்டுக்குத் தவணை மூன்றரைப் பங்கு என்று எழுதியிருக்கிறாய். வரி, பழுது, கூரை ஒழுகல் இதற்கெல்லாம் அரைப் பங்காவது வை. அந்த வீடு மாவட்டத்தின் கடைசியில் இருக்கிறது, பஸ் ஆறு மணிக்கு மேல் கிடையாது என்று நீயே சொன்னாய், லிப்ட் பழுது பார்க்க நேரங்கெட்ட நேரத்தில் ஓடுகிற மாப்பிள்ளைக்குப் பழைய காராவது வேண்டும், அது ஒரு பங்கு. ஐந்து ஆகிவிட்டது. அதுவும் இரண்டு சம்பளம் வருகிறவரைக்கும்தான், நாளைக்கு வீட்டில் தொட்டில் கட்டினால் கொஞ்ச காலத்துக்கு ஒரு சம்பளம்தான். நான் எதையும் கேட்கவில்லை, அம்மா கேட்டாள் என்று அவரிடம் போய்ச் சொல்லாதே. வீட்டுக்கு ஐந்து பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தில் நீங்கள் எப்படிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

அதே பட்டியலில் இரண்டாவதாக ஒரு வீடு இருக்கிறதே, இரண்டு அறை, நீ வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்துக்கு நடந்தே போகலாம், எல்லாம் சேர்த்தும் மூன்று பங்கைத் தாண்டாது. அதற்குப் பக்கத்தில் நீ அறை போதாது என்று எழுதி அடித்திருக்கிறாய். இருக்கிறது இரண்டு பேர், இரண்டு அறை ஏன் போதாது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவர்தாம்மா மூணு அறை வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார் என்று நீ முன்பே சொன்னாய், அப்போது நான், மாப்பிள்ளைக்குப் பகட்டு ஜாஸ்தி என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். நேற்று டீ குடிக்கும்போது மறுபடி அந்தப் பேச்சை எடுத்தேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூணாவது ரூம் நமக்குடி, அன்னிக்கு நீ பேசின பேச்சுக்கு அந்தப் பையன் வீடு வாங்கறான் என்றார்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் வந்து மூன்று வாரம் தங்கினோமே, ஒரு அறையும் சமையலறையும் உள்ள அந்த வாடகை வீட்டில், மூன்றாம் நாள் நீ வேலைக்குப் போயிருந்தாய். அப்பா பக்கத்தில் இருக்க, நான் ஜன்னலோரம் நின்று உன் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். காலை நீட்டிப் படுக்க இடமில்லாத வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துட்டேன்டி என்று சொன்னேன். சமையலறையில் மாப்பிள்ளை பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் மறுபடி ஓடியது. அன்று சாயங்காலமே அவர், சமையலறையில்தான் நல்லாக் காத்து வருது அத்தை என்று சொல்லி உங்கள் படுக்கையை அங்கே மாற்றினார். அங்கே ஜன்னலே கிடையாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் அறையில் காலை நீட்டிப் படுத்தேன். அவர் கேட்டிருக்க மாட்டார் என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது குட்டி. நான் ஊரெல்லாம் பங்குக் கணக்குக் கேட்டுக்கொண்டு அலைந்தேன், அங்கே ஒரு மனிதர் என் ஒரு வார்த்தைக்காக வாழ்நாள் முழுக்கத் தவணை கட்டத் தயாராக நிற்கிறார்.

இனிமேல் உள்ளதை நீ உரக்கப் படித்துக் காட்டு, அவர் எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வை. மாப்பிள்ளை, வயசுக்குத் தகுந்த புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை. உங்கள் காதில் விழுந்தது எல்லாம் நான் சொன்னதுதான், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எங்களுக்கென்று அறை வைத்து வீடு வாங்க வேண்டாம். அந்த இரண்டு அறை வீட்டை வாங்குங்கள், அல்லது இன்னும் இரண்டு வருடம் வாடகைக்கே இருங்கள், எதுவானாலும் உங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு விட இடமிருக்கட்டும். எனக்கு அடுத்த மாதம் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார்கள். நீங்கள் சரியென்று சொன்னால் இப்போது இருக்கிற அதே வீட்டுக்கு வருகிறோம், இந்தத் தடவை சமையலறையில் நாங்கள் படுக்கிறோம். அந்த மூன்று வாரமும் நான் எழுவதற்கு முன்னால் எழுந்து எனக்கு வெந்நீர் போட்டு வைத்தது நீங்கள். அதை நான் என் தங்கையிடம் சொல்லவே இல்லை. நேற்றுதான் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா என்றாள்.

இரண்டு பேரும் குறைவில்லாமல், மனம் கோணாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தை வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. திட்டினாலும் பரவாயில்லை, அவரையே பேசச் சொல்.

உங்கள் இருவருக்கும்
அம்மா